ஆணி அடிக்காத வீடு

வங்கியில் எனக்குக் கிடைத்த நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு கால் குட்டை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் உட்காரப் பார்த்தேன். வெளியே கிள்ளான் வெயில் கொளுத்தியது. உள்ளே ஏர்கோன் குளிரில் என் கால் விரல்கள் விறைத்துப்போயின. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

நான் அங்கே போனது பெருமைக்காக. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணையோடு நிறுத்தாமல், மூன்று வருடமாக மாதம் தவறாமல் கூடுதலாகவும் கட்டிக்கொண்டிருந்தோம். பாக்கி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு தாளில் அச்சடித்து வாங்கிக்கொண்டு போய், என் வீட்டுக்காரர் முன்னால் வைக்க வேண்டும் என்று ஆசை. அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு. சட்டை வாங்கினால் காசு செலவாகும். தாள் இலவசம்.

"ஆன்டி, எக்ஸ்ட்ரா காசெல்லாம் எங்க கட்டுனீங்க?"

"மெஷின்லதாம்மா. வாசல்ல இருக்கே, அதுல."

"கவுண்டர்ல யார்கிட்டயும் சொல்லலையா? ஃபாரம் ஒண்ணும் கொடுக்கலையா?"

"காசு கட்டுறதுக்கு எதுக்கும்மா ஃபாரம்?"

அவள் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினாள். "இதெல்லாம் அட்வான்ஸ்னு போயிருக்கு ஆன்டி. வரப்போற மாசத்துத் தவணைய முன்கூட்டியே கட்டி வச்ச மாதிரி. பிரின்சிபல்ல கழிக்கணும்னு நீங்க சொல்லல, அதனால கழிக்கல. வட்டி எப்பவும் போலத்தான் ஓடிட்டு இருக்கு."

பிரின்சிபல் என்றால் அசல். அந்த அசலைக் குறைக்கத்தான் நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மூன்று வருடம் வாழ்ந்தோம். அந்தக் காசெல்லாம் ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது. கடனோ எங்களைக் கவனிக்காமல் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் பிழைப்பதே கணக்கு எழுதித்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று என் முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

ஏன் அந்த அவசரம்

கடன் முடிய இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்தது. எல்லோரையும்போல மாதாமாதம் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு தொழிற்சாலைக் கேன்டீன்.

என் வீட்டுக்காரர் சந்திரனுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் வேலை. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதானால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சட்டைகூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"கம்பெனி வியட்நாமுக்குப் போவுதாம் சரோ."

"யாரு சொன்னா?"

"கேன்டீன்ல பேசிக்கிறாங்க."

"கேன்டீன்ல பேசுறதெல்லாம் நடந்துருமா?"

"போனஸ் இல்லனு போன வருசம் கேன்டீன்லதான் பேசுனாங்க. நடந்துச்சுல்ல?"

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் வேலை போனால் இன்னொரு தொழிற்சாலை சேர்த்துக்கொள்ளாது. மகள் யாழினி அப்போது இடைநிலைப் பள்ளியில். என் சம்பளத்தில் மளிகையும் மின்சாரக் கட்டணமும் சமாளிக்கலாம். தவணை கட்ட முடியாது. தவணை நின்றால் வங்கி எத்தனை மாதம் பொறுக்கும்?

அந்தத் தொழிற்சாலையின் கதவு மூடுவதற்கு முன்னால் இந்தக் கடனை மூடிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். யார் முந்துவது என்று பார்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு வெறி. அந்த வெறிக்கு வேறொரு பழைய காரணமும் உண்டு.

சோப்பு வைத்த சுவர்

நான் பிறந்து வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில் வேலைக்காரர்களுக்கான கோட்டர்ஸில். அப்பா தண்டவாளம் பார்க்கும் வேலை. நீளமாக ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் எல்லா வீட்டிலும் சோறு கூடுதலாக இறங்கும்.

கோட்டர்ஸில் ஒரு சட்டம் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சாமி படங்கள் எல்லாம் பலகையில் சாய்ந்து நிற்கும். அப்பாவின் சட்டை கதவில் தொங்கும். அம்மா மட்டும் ஒரே ஓர் ஆணிக்கு ஆசைப்பட்டாள். நாட்காட்டி மாட்ட வேண்டும் என்றாள். அப்பா ரொம்ப நாள் மறுத்துவிட்டு ஒரு தீபாவளிக்கு முன்னால் அடித்துக்கொடுத்தார்.

அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான்களை லோரியில் ஏற்றிய பிறகு, அம்மா வெறும் வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். அப்பா ஆணியைப் பிடுங்கிவிட்டு, குளிக்கும் சோப்பைச் சுரண்டி ஓட்டையில் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்தார். பார்த்தால் தெரியவே தெரியாது.

பரிசோதிக்க வந்தவர் உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனார். அந்த இடத்தில் அவர் கை நின்றது. நகத்தால் சுரண்டினார். சோப்பு உதிர்ந்தது.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

வாழ்நாள் முழுக்க வெயிலில் தண்டவாளத்தில் நடந்த அப்பா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒரு சின்னத் தொகையைப் பிடித்தம் செய்தார்கள். வந்தவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன், அவருடைய வேலையை அவர் செய்தார். ஆனால் அப்பா நின்ற அந்த நிலையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஊர் ஊராக வாடகை வீடுகள். சுங்கை பூலோவில் ஒரு வாடகை வீட்டில்தான் அப்பா இறந்தார். கோட்டர்ஸையும் பின்னாளில் இடித்துவிட்டார்கள். இப்போது நான் கோமுட்டர் ரயிலை விட்டு இறங்கி வேலைக்கு நடக்கும் வழியில், அந்தப் பக்கமெல்லாம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள். ஓர் ஆணி ஓட்டைக்குக் காசு பிடித்த சுவர், ஒரு காலை நேரத்தில் மண்ணாகிப் போனது. போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய ரயில் பயணத்தைப் படித்துவிட்டு, "உங்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ்மேல் இவ்வளவு கோபமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஊர்மேல் கோபம் இல்லை அம்மா.

வங்கிக்காரன் சுவர்

எனவே கிள்ளானில், மேரு போகும் வழியில் ஒரு மாடி வீட்டைக் கடனில் வாங்கி உள்ளே நுழைந்தபோது, நான் போட்ட முதல் சட்டம் இதுதான்: கடன் முடியும்வரை யாரும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

"பேங்க்காரன் வந்து ஓட்டைய எண்ணப் போறானா?" என்று சந்திரன் கேட்டார்.

"வந்தா?"

"வர மாட்டான்லா!"

"அவன் சுவத்துல நான் எதுக்கு ஆணி அடிக்கணும்? நம்ம சுவரா ஆவட்டும், அப்ப அடிக்கலாம்."

இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் கல்யாணப் படம் குளிர்பெட்டிமேல் சாய்ந்திருந்தது. அப்பாவின் படம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. கடிகாரம்கூட ஷோகேஸில்தான். மணி பார்க்க வேண்டுமானால் எழுந்து போய்க் குனிய வேண்டும். வருகிறவர்கள், "புதுசாவா குடிவந்தீங்க?" என்று கேட்பார்கள். குடிவந்து பத்து வருடம் ஆகியிருக்கும்.

வாரத்துக்கு ஒரு தே தாரேக்

சிக்கனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு கலைபோல எழுதுகிறார்கள். எனக்கு அது சண்டை. தினமும் காலையில் எழுந்து போடும் சண்டை.

ஏர்கோன் இருந்தது, போட மாட்டோம். மூன்று பேரும் கூடத்தில் ஒரே காற்றாடியின் கீழ் படுப்போம். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக் கடை கட்டும் நேரம் பார்த்துத்தான் போவேன். அப்போதுதான் காய்கறிக்காரர்கள் மிச்சத்தைக் குவியல் குவியலாகக் கொட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாடின கத்திரிக்காய்க்கும் வாடாத கத்திரிக்காய்க்கும் குழம்பில் வித்தியாசம் தெரியாது. என் கைப்பக்குவத்தில் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவேன். கடையில் கூட வேலை செய்யும் பெண்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள். முதலில் வயிறு சரியில்லை என்றேன். எத்தனை நாளைக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்? பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். "வீட்டுக் கடன சீக்கிரம் முடிக்கப் போறேன். முடிச்சிட்டு எல்லாரையும் நானே கூட்டிட்டுப் போறேன்." அவர்கள் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு கூப்பிட்டுச் சங்கடப்படுத்தவில்லை.

சந்திரனுக்கு ஒரே ஆடம்பரம், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரேக். தினமும் குடித்துக்கொண்டிருந்தவரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று இறக்கினேன். வீட்டிலேயே இரண்டு குவளைகளை வைத்துக்கொண்டு நானே ஆற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நுரை வந்துருச்சு சரோ. தேதான் இன்னும் வரல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாக் கடையில் முட்டை ரொட்டி கிடையாது, வெறும் ரொட்டி கோசோங்தான். அதற்கு அவர் பருப்புக் குழம்பை ஊற்றச் சொல்வது ஒரு நாடகம். "பன்ஜிர் அண்ணே, பன்ஜிர்!" என்று தட்டு மூழ்கும்வரை ஊற்றச் சொல்வார். வெள்ளம் வந்ததுபோல ரொட்டி மிதக்கும். குழம்புக்குத் தனிக் காசு இல்லை அல்லவா?

யாழினியிடம் மட்டும் எனக்கு வாய் அடைத்துப்போகும். தோழிகள் எல்லாம் புதுக் கைப்பேசி வைத்திருக்க, இவள் திரை விரிசல் விட்ட ஒன்றை ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாள். ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திட்டிவிட்டு வாங்கிக் கொடுத்திருப்பேன். கேட்காததுதான் வலித்தது.

அண்ணி வந்த தீபாவளி

சந்திரனின் அக்கா ராணி அண்ணி செமினியில் இருக்கிறார். புது வீடு, இரண்டு மாடி, மின்சாரக் கேட். நல்ல மனசு. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு. அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள், சீனர்கள், சந்திரனின் தொழிற்சாலை ஆட்கள் என்று நாள் முழுக்க வருவார்கள். கூடாரம் போட்டு, பிரியாணி சொல்லி, அந்த ஒரு நாளில் இரண்டு மாதத் தவணை போய்விடும். கேன்டீன் செய்தி வந்த வருடம் நான் கூடாரத்தை நிறுத்தினேன். காலையில் மட்டும் இடியப்பமும் கோழிக் கறியும், எல்லாம் என் கையால். வந்தவர்கள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள்.

அண்ணி உள்ளே வந்ததும் சுற்றிப் பார்த்தார். "என்ன சரோ, கூடாரத்தக் காணோம்? பிரியாணி எங்க?"

"இந்த வருசம் சிம்பிளா செஞ்சிட்டோம் அண்ணி."

"சிம்பிளா? என் தம்பி வீட்டுக்கு வந்தா இடியப்பம் சாப்பிட்டுப் போன்னு அனுப்புறியே! சரி சரி. இந்தப் படத்தயாவது மாட்டக் கூடாதா? உங்க அப்பா தரையில ஒக்காந்து டிவி பாக்குற மாதிரி இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணியின் பேத்தி நான் காசு வைத்துக் கொடுத்த தீபாவளி அங்பாவ் உறையைக் கூடத்தின் நடுவிலேயே பிரித்து, "பாட்டி, ரெண்டு வெள்ளிதான் இருக்கு!" என்று உரக்கச் சொன்னாள். அண்ணி அவள் வாயைப் பொத்தினார். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுவதுபோல நின்று அழுதேன்.

சந்திரன் பின்னாலேயே வந்தார். "வேணாம்னா நிறுத்திரலாம் சரோ," என்றார்.

"நிறுத்தவா? இன்னும் கொஞ்சம் கூட கட்டலாம்னு நெனச்சிட்டிருக்கேன்."

அவர் துண்டை எடுத்து, நான் கழுவாத பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுபடியும் அந்த நாற்காலி

இவ்வளவையும் செய்துவிட்டுத்தான் அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து, கூடுதலாகக் கட்டியதில் ஒரு காசும் அசலில் கழியவில்லை என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"காசு போயிரல ஆன்டி. பத்திரமா இருக்கு. இப்ப உங்களுக்கு ரெண்டு வழி. அப்படியே விட்டா, கிட்டத்தட்ட ரெண்டு வருசத்துக்கு நீங்க தவணையே கட்ட வேணாம். இல்ல, பிரின்சிபலுக்கு மாத்திட்டா கடன் குறையும், வட்டியும் குறையும். ஆனா அடுத்த மாசத்துலேர்ந்து வழக்கம்போல கட்டணும். மாத்துனத திருப்பி எடுக்க முடியாது."

"மாத்திரும்மா. இப்பவே."

"ரெண்டு பேர் பேர்ல லோன் ஆன்டி. அங்கிளும் வந்து கையெழுத்துப் போடணும்."

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். சந்திரன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "வா, தே குடிக்கலாம்," என்றார். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

மாமாக் கடையில் உட்கார்ந்ததும் அவருடைய செய்தியைச் சொன்னார். அன்று காலை தொழிற்சாலையில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பிரிவுகளை இந்த வருடத்துக்குள் மூடுகிறார்கள். மற்றவை எப்போது என்று போடவில்லை. இந்த முறை அது கேன்டீன் பேச்சு இல்லை.

"அந்தக் காச அப்படியே விட்டுரு சரோ," என்றார். "வேல போனாலும் ரெண்டு வருசம் யாரும் வந்து கதவத் தட்ட மாட்டாங்க. தெரியாமச் செஞ்சதுகூட நல்லதாத்தான் போச்சு."

"ரெண்டு வருசம் கழிச்சு? கடன் அப்படியே நிக்கும். வட்டி ஓடும். உங்களுக்கு அறுவதுக்கிட்ட வயசாயிருக்கும். அப்ப யார் கட்டுவா?"

"இப்ப எல்லாத்தையும் உள்ள போட்டுட்டு அடுத்த மாசமே வேல போச்சுன்னா? அப்ப யார் கட்டுவா?"

எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். சந்திரன் குரலைத் தாழ்த்தினார்.

"உங்கப்பாவுக்கு வீடு இல்லங்கிறது மட்டுமா பிரச்சினை? கோட்டர்ஸ விட்டு எறங்குனப்ப கையில காசும் இல்ல. அதனாலதான வாடகைக்குக்கூட அலைஞ்சாரு? வீடு வீடுன்னு சொல்றியே, கையில ஒண்ணுமில்லாம வீட்ட வச்சுக்கிட்டு என்ன செய்வ?"

எனக்குச் சுருக்கென்றது. என் கதையை எடுத்தே என்னை மடக்கிவிட்டார். கோபத்தில் தேநீர் முழுவதையும் குடித்து முடித்தேன். கோபத்திலும் அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஆறு மாசம்," என்றேன்.

"என்ன ஆறு மாசம்?"

"ஆறு மாசத் தவணைக்கு வேண்டியத அட்வான்ஸ்லயே விட்டுருவோம். அது உங்க பயத்துக்கு. மிச்சம் எல்லாம் பிரின்சிபலுக்கு. அது என் பயத்துக்கு."

அவர் யோசித்தார். "எட்டு மாசம்," என்றார்.

"இது என்ன பாசாரா, பேரம் பேசுறதுக்கு?"

"நீ பேசாத பேரமா?"

ஆறு மாதத்துக்குச் சம்மதித்தார். பதிலுக்கு அன்று ஒரு முட்டை ரொட்டி கேட்டார். அவர் பிறந்தநாள் என்பதே அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டாகச் சொன்னேன்.

பிரின்சிபல் ஆன்டி

அடுத்த வாரமே இருவரும் போய்க் கையெழுத்துப் போட்டோம். அதன்பிறகு வாசலில் இருக்கும் இயந்திரத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடுதல் பணத்தோடு மாதாமாதம் நேரே கவுண்டருக்குப் போவேன். ஃபாரம் எழுதுவேன். எழுதியது போதாது என்று வாயாலும் சொல்வேன். "இது பிரின்சிபலுக்கு. அட்வான்ஸ் இல்ல. பிரின்சிபல்." மலாயிலும் ஒருமுறை சொல்வேன். பாக்கி இறங்கியிருப்பதைத் திரையில் என் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். வாசலில் நிற்கும் காவலர் என்னைக் கண்டதும், "ஹா, பிரின்சிபல் ஆன்டி!" என்று கதவைத் திறந்துவிடுவார்.

இழந்த மூன்று வருட வட்டி இழந்ததுதான். அதனாலேயே இன்னும் இறுக்கினேன். தீபாவளி வேலைக்குக் கடையில் கூடுதல் நேரம் இருந்தேன். சந்திரன் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்து வீடுகளின் சலவை இயந்திரம், தண்ணீர்ப் பம்பு எல்லாம் பழுதுபார்த்தார். கிடைத்த காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டும்போது, "பிரின்சிபலுக்கு," என்பார்.

தொழிற்சாலை எங்களுக்கு அவகாசம் கொடுத்தது, ஆனால் போதுமான அவகாசம் இல்லை. கடன் முடிவதற்கு முன்னால் கதவு மூடியது. அந்தப் பந்தயத்தில் நான் தோற்றேன்.

கடைசி நாளில் சந்திரன் தன் கருவிப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, அதை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து அட்வான்ஸில் விட்டுவைத்த அந்த ஆறு மாதம்தான் எங்களைக் காப்பாற்றியது. அவருடைய பயம் சரியான பயம் என்று அவரிடமே சொன்னேன். "எழுதிக் கொடு, ஷோகேஸ்ல வைக்கலாம்," என்றார்.

ஆட்குறைப்புப் பணம் வந்தது. ராணி அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டு, "புதுக் கார் வாங்குங்கடா. இல்லனா ரெண்டு பேரும் இந்தியாவுக்காச்சும் போய்ட்டு வாங்க. எத்தன வருசமா கஞ்சி குடிப்பீங்க?" என்றார். அது சந்திரன் தன் ஆயுளைக் கொடுத்துச் சம்பாதித்த காசு. அதைக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. கடனுக்கு எவ்வளவு பாக்கி என்று எனக்குத் தெரியும். வந்த பணத்தில் அதைக் கட்டினால் மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றும் தெரியும்.

மறுநாள் காலை அவர் பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, "கெளம்பு," என்றார்.

வங்கியில் அதே பெண். அதே ஆடும் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்தார். நான் பேசுவதற்கு முன்னால் அவரே சொன்னார்: "முழுசா முடிக்கணும்மா. இனிமே பிரின்சிபலே இருக்கக் கூடாது."

அந்தப் பெண் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தாள். நான் அழுதுவிட்டேன். இந்த முறை குழாயைத் திறந்துவிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

முதல் ஓட்டை

கடன் முடிந்ததும் வீடு கைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கும் வழக்கறிஞர், அதற்கும் கட்டணம், அதற்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு. கடனை வாங்கவும் காசு, விடவும் காசு. ஒருவழியாக வீட்டுக் கிராண்ட், அதாவது பத்திரம், வங்கியின் பெயர் நீங்கி எங்கள் பெயரோடு மட்டும் கைக்கு வந்தது. சாமிப் பலகையில் வைத்துக் கும்பிட்டோம். யாழினி அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அன்றைக்கென்று வீட்டுக்கு வந்திருந்தாள்.

கும்பிட்டு நிமிர்ந்தால் சந்திரனைக் காணவில்லை. வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தவர் கையில் புத்தம் புதுத் துளைக் கருவி. என்னைக் கேட்காமல் அவர் வாங்கிய முதல் பொருள் அது. விலை எவ்வளவு என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எந்த எடம்?" என்றார்.

கூடத்துச் சுவரின் நடுவில் பென்சிலால் புள்ளி வைத்தேன். அவர் கருவியை மின்சாரத்தில் மாட்டி, என் கையில் கொடுத்தார். "நீயே போடு."

எனக்குப் பழக்கம் இல்லை. கருவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. துளை புள்ளியை விட்டு ஒரு விரல் அளவு விலகிப் போய், விளிம்பெல்லாம் பிய்ந்து, பூச்சு என் காலில் கொட்டியது. அசிங்கமான ஓட்டை.

"அச்சச்சோ, கோணலா போயிருச்சும்மா," என்றாள் யாழினி.

"பரவால்ல," என்றேன். "இன்னொண்ணு போடலாம்."

இரண்டாவது சரியாக விழுந்தது. அப்பாவை மாட்டினோம். இத்தனை வருடம் தரையோடு சாய்ந்திருந்த மனிதர் நிமிர்ந்து நின்று கூடத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு கல்யாணப் படம், கடிகாரம், நாட்காட்டி என்று மாலைக்குள் அந்தச் சுவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டோம்.

அந்த முதல் ஓட்டை அப்பா படத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். கொஞ்சம் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டால் தெரியவே தெரியாது என்று சந்திரன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் விடவில்லை. இந்த வீட்டில் எந்த ஓட்டையையும் யாரும் மறைக்க வேண்டியதில்லை.